பழைய பேஸ்பால் படங்கள்: சேகரிப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க பேஸ்பால் படங்களின் 16 மி.மீ. பிலிம் சுருள்களையும் போஸ்டர்களையும் நான் சேர்த்து வருகிறேன். அலமாரியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சில கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காலத்துப் படங்களை "பழையவை" என்கிறீர்கள்?

என் கணக்கில் 1898 முதல் 1958 வரை. 1898இல் எடிசன் கம்பெனி "தி பால் கேம்" என்று ஒரு துண்டுப் படம் எடுத்தது. நியூஜெர்சியின் நெவார்க் அணி ஆடிய ஆட்டம். முழுசாக ஒரு நிமிடம்கூட ஓடாது. மறு கோடியில் 1958இல் வந்த "டாம் யாங்கீஸ்" என்ற இசைப்படம். நடுவில் மௌனப் படங்கள், 1930-களின் நகைச்சுவைப் படங்கள், 1940-களிலும் 50-களிலும் வரிசையாக வந்த வீரர்களின் வாழ்க்கைக் கதைகள், செய்திப்படங்கள், உலகத் தொடர் (சீசன் கடைசியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள்) சுருக்கங்கள், இரசிகர்கள் சொந்தக் கேமராவில் எடுத்தவை எல்லாம் அடக்கம்.

1980-களில் வந்த "தி நேச்சுரல்", "புல் டர்ஹாம்", "ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்" எல்லாம் எனக்குப் பிடித்த படங்கள்தான். ஆனால் அவை வேறு தலைமுறை, அவற்றைச் சேகரிப்பவர்களும் வேறு.

கதை எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே. அப்படி என்ன இருக்கிறது இவற்றில்?

கதை ஒரே மாதிரிதான். கிராமத்துப் பையன் நகரத்துக்கு வருவான், தலைக்கனம் ஏறும், ஒரு பெண் புத்தி சொல்வாள், கடைசி ஆட்டத்தில் கடைசிப் பந்தை அடித்து ஜெயிப்பான். மௌனப் பட காலத்திலேயே இந்தக் கதை தேய்ந்து போய்விட்டது. கதைக்காக இவற்றைச் சேர்க்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் பார்ப்பது கதைக்குப் பின்னால் தெரிவதை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1951இல் வந்த "ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்ட்" படத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குத் தேவதைகள் வந்து உதவுவார்கள். கோபக்கார மேனேஜராக பால் டக்ளஸ். நல்ல பொழுதுபோக்குப் படம், அவ்வளவுதான். ஆனால் பெரும்பகுதி பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டிலேயே எடுத்தது. 1909இல் திறந்த அந்த மைதானம் 1970இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. படத்தில் கேமரா நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் கண் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவரில் இருக்கும். அதில் படர்ந்த கொடி, கேலரியின் இரும்புத் தூண்கள், வேலியோரம் பந்து உருண்டு போகும் தூரம். அந்தச் சுவரின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. மட்டைக்காரர் நின்று ஆடும் இடமான ஹோம் பிளேட் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்ததைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தைத்தான் போட வேண்டும்.

நியூயார்க்கின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் 1960இல் இடிபட்டது. அதே ஊரின் போலோ கிரவுண்ட்ஸ் 1964இல். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரிக்லி ஃபீல்ட் இருந்தது. சிகாகோவில் உள்ள அதே பெயர் மைதானம் வேறு, இது வேறு. ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் எத்தனையோ படங்களில் அதுதான் நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கீ ஸ்டேடியமாகவும் மற்ற மைதானங்களாகவும் வேஷம் போட்டது. 1969இல் அதையும் இடித்துவிட்டார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன, சரி. ஆனால் புகைப்படத்தில் பந்து பறக்காது, கூட்டம் எழுந்து நிற்காது.

அதே மாதிரி உடம்பின் அசைவு. 1920-களில் பந்து எறியும் பிட்சர் கையை எப்படிச் சுழற்றினார், மட்டையை எவ்வளவு கீழே பிடித்தார்கள், சின்னஞ்சிறு கையுறையில் பந்தை எப்படி வாங்கினார்கள் என்பதெல்லாம் புள்ளிவிவரப் புத்தகத்தில் கிடைக்காது.

பேஸ்பால் தெரியாத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்?

மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் "தி கேமராமேன்", 1928. அதில் ஒரு காட்சிக்கு விதிகளே தெரிய வேண்டாம்.

செய்திப்படக் கேமராக்காரராக வேலை தேடும் கீட்டன், ஆட்டத்தைப் படம் பிடிக்க யாங்கீ ஸ்டேடியத்துக்குப் போகிறார். மைதானம் காலி. யாங்கீஸ் இன்று செயின்ட் லூயிஸில் ஆடுகிறார்கள் என்று மைதானத்து வேலைக்காரர் சொல்கிறார். கீட்டன் கேமராவை வைத்துவிட்டு, பிட்சர் நின்று எறியும் நடு மேட்டில் ஏறுகிறார். பந்து இல்லை, மட்டை இல்லை, ஆளும் இல்லை. இல்லாத கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) காட்டும் சைகைக்குத் தலையாட்டுகிறார், மறுக்கிறார். பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய மூலையில்) நிற்கும் இல்லாத ஓட்டக்காரனைக் கடைக்கண்ணால் பார்க்கிறார். இல்லாத வீரர்களைக் கை காட்டி இடம் மாற்றி நிறுத்துகிறார். அப்புறம் தானே மட்டைக்காரராகி, அடித்து, எல்லா பேஸையும் சுற்றி ஓடி, கடைசியில் மண்ணில் சறுக்கி விழுந்து எழுகிறார். எழுந்து பார்த்தால் ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

ஆயிரக்கணக்கான காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரே ஒரு மனிதர். யாங்கீ ஸ்டேடியம் திறந்து அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. கூட்டம் இல்லாததால்தான் அந்த மைதானத்தின் அளவே நமக்குத் தெரிகிறது. நான் இதுவரை பார்த்த பேஸ்பால் காட்சிகளில் மிகச் சிறந்தது பந்தே இல்லாத இந்தக் காட்சிதான்.

நிஜ வீரர்கள் இந்தப் படங்களில் நடித்திருக்கிறார்களா?

நிறையப் பேர். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திர வீரர் பேப் ரூத் 1920இலேயே "ஹெடின் ஹோம்" படத்தில் கதாநாயகன். அவர் யாங்கீஸுக்கு வந்த முதல் வருடம் அது. 1928இல் ஹரால்ட் லாயிடின் "ஸ்பீடி"யில் தன் பெயரிலேயே வருகிறார். லாயிட் டாக்சியை நியூயார்க் தெருக்களில் கண்மண் தெரியாமல் ஓட்ட, பின் சீட்டில் ரூத் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெரிய உருவம் பயந்து ஒடுங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அந்தக் காலத்துத் தெருக்கள் வேறு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கனமானது "தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி", 1950. பெரிய லீக்குகளில் கறுப்பர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த தடையை 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி உடைத்த ராபின்சன், தன் வேடத்தைத் தானே ஏற்று நடித்தார். மனைவியாக ரூபி டீ. ராபின்சன் தேர்ந்த நடிகர் அல்ல. சில வசனங்களை ஒப்பிப்பது போலச் சொல்வார். அவமானப்படுத்தும் கூச்சல் கேட்கும் காட்சிகளில் மட்டும் அந்த முகத்தைப் பாருங்கள். மூன்றே வருடத்துக்கு முன்னால் நிஜமாகக் காதில் விழுந்ததை, கேமராவுக்காக இன்னொரு முறை நின்று கேட்கிறார். வேறு எந்த வாழ்க்கைக் கதைப் படத்திலும் இது கிடைக்காது. அவர் பேஸ் விட்டு பேஸ் ஓடும் ஓட்டமும், காலை நீட்டிச் சறுக்கும் விதமும் அசல். டூப் யாரும் இல்லை.

"தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்" படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

அது யாங்கீஸ் வீரர் லூ கெரிக்கின் கதை. 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் வந்து விலகி, 1941 ஜூனில் 37 வயதில் இறந்தார். அடுத்த வருடமே படம் வந்துவிட்டது. சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, கெரிக்காக கேரி கூப்பர். 11 ஆஸ்கர் பரிந்துரை, கிடைத்தது படத்தொகுப்புக்கு ஒன்று. ரூத், பில் டிக்கி, பாப் மியூசல், மார்க் கோனிக் நால்வரும் கெரிக்கோடு நிஜமாக ஆடியவர்கள், படத்தில் அவர்களாகவே வருகிறார்கள். நண்பன் போய் ஒரு வருடம் ஆவதற்குள் அவன் வேஷத்தில் இருக்கும் நடிகரின் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் சாதாரணக் காட்சிகளுக்கும் எடை கூடிவிடும்.

1939 ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் கெரிக் விடைபெற்றுப் பேசிய பேச்சு முழுசாகப் பிலிமில் இல்லை. செய்திப்படத்தில் சில வரிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. "இந்த உலகத்திலேயே பாக்கியசாலி நான்தான்" என்ற வரியை கெரிக் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். படத்தில் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டார்கள். பெரும்பாலான அமெரிக்கர்களின் நினைவில் இருப்பது கூப்பர் பேசியதுதான்.

கேரி கூப்பர் வலது கையால் ஆடியதை பிலிமைத் திருப்பிப் போட்டு இடது கை ஆக்கினார்கள் என்பது உண்மையா?

சேகரிப்பவர்கள் வட்டத்தில் ரொம்ப நாளாகச் சுற்றிய கதை. கெரிக் இடது கைக்காரர், கூப்பர் வலது கைக்காரர். அதனால் சட்டையில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போல மாற்றித் தைத்து, கூப்பரை முதல் பேஸுக்குப் பதில் எதிர்ப்பக்கத்து மூன்றாம் பேஸ் பக்கம் ஓடவிட்டு, பிறகு நெகட்டிவைத் திருப்பி அச்சடித்தார்கள் என்பார்கள். 2013இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் ஒருவர் படத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, மட்டை வீசும் காட்சிகளில் கூப்பர் உண்மையாகவே இடது கைப் பழக்கத்தில்தான் ஆடினார் என்று காட்டினார். லெஃப்டி ஓ'டூல் என்ற பழைய வீரர் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்.

எந்தப் படத்திலும் இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு கட்டத்தை நிறுத்திச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பட்டி வலது பட்டிக்கு மேல் வரும். பிலிமைத் திருப்பியிருந்தால் கேலரியில் உட்கார்ந்திருப்பவர் சட்டை வரை எல்லாம் மாறியிருக்கும். நாயகன் சட்டையை மாற்றித் தைக்கலாம், கூட்டத்துக்கே மாற்றித் தைக்க முடியாது.

இவ்வளவு படங்கள் எப்படித் தொலைந்தன?

அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளியிட்ட ஆய்வின்படி, முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் வெளியான அதே வடிவத்தில் மிஞ்சியிருக்கின்றன. பேஸ்பால் படங்கள் மட்டும் தப்புமா? ரூத் நடித்த "பேப் கம்ஸ் ஹோம்" (1927) இல்லை. பேஸ்பால் வீரர் டை காப் நாயகனாக நடித்த "சம்வேர் இன் ஜார்ஜியா" (1917) இல்லை.

முதல் காரணம் நைட்ரேட் பிலிம். 35 மி.மீ. படங்கள் எல்லாம் 1950-களின் தொடக்கம் வரை அதில்தான். எரிய ஆரம்பித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீரில் போட்டாலும் அணையாது. 1937இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்து, அவர்களுடைய மௌனப் படங்களில் பெரும்பகுதி போனது. இரண்டாவது காரணம் அலட்சியம். ஓடி முடிந்த படத்தால் வருமானம் இல்லை. வெள்ளியை உருக்கி எடுக்கவும், இடத்தைக் காலி செய்யவும் அழித்தார்கள்.

தொலைந்தவை திரும்பக் கிடைத்ததுண்டா?

உண்டு. இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கனடாவின் வடமேற்கு மூலையில் டாசன் சிட்டி. தங்கம் தேடிப் போனவர்களின் ஊர். படங்கள் பல ஊர் சுற்றிக் கடைசியாக அங்கே போய்ச் சேரும். திருப்பி அனுப்பும் செலவை ஏற்க விநியோகஸ்தர்கள் தயாராக இல்லை. சேர்ந்து போன சுருள்களை 1929இல் ஒரு பழைய நீச்சல் குளத்தில் போட்டு மண் மூடி, மேலே ஐஸ் ஹாக்கித் தளம் அமைத்தார்கள். 1978இல் புதுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது மண்ணோடு பிலிம் சுருள்கள் வந்தன. 533 சுருள்கள். உறைந்த நிலம் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. அவற்றுக்குள் 1919 உலகத் தொடரின் செய்திப்படத் துண்டு ஒன்று இருந்தது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் சூதாடிகளோடு சேர்ந்து எதிரணியான சின்சினாட்டிக்கு விட்டுக்கொடுத்ததாக வாழ்நாள் தடை வாங்கினார்களே, அதே தொடர். கனடா அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்த அந்தத் துண்டு 2014இல்தான் பேஸ்பால் உலகத்தின் கண்ணில் பட்டது. சில நிமிடம்தான். ஆனால் அந்த வீரர்கள் அந்த ஆட்டத்தில் ஓடுவதும் எறிவதும் தெரிகிறது. ஒவ்வொரு எறியையும் "இது வேண்டுமென்றேவா?" என்று கேட்டுக்கொண்டே பார்ப்போம்.

இன்னொன்று பிங் கிராஸ்பியின் வீட்டில் கிடைத்தது. பாடகர் கிராஸ்பி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பங்குதாரர். 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், பைரேட்ஸும் யாங்கீஸும். நேரில் பார்த்தால் பதற்றத்தில் அணிக்கு ராசி கெட்டுவிடும் என்று பாரிசுக்குப் போய்விட்டார், அங்கே ரேடியோவில் கேட்டார். போகும் முன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் திரையிலிருந்து அப்படியே பிலிமில் பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். பில் மாசரோஸ்கி பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரனில் 10–9 என்று பைரேட்ஸ் ஜெயித்தது. அந்தக் கால வழக்கப்படி ஒளிபரப்பை யாரும் பாதுகாக்கவில்லை. முழு ஆட்டமும் போய்விட்டது என்றே ஐம்பது வருடம் நம்பினார்கள். 2009 டிசம்பரில், கலிபோர்னியாவில் கிராஸ்பி வீட்டின் ஒயின் அறையில் ஐந்து 16 மி.மீ. சுருள்கள் அப்படியே இருந்தன. குளிர்ச்சி, இருட்டு, காய்ந்த காற்று. பிலிமுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

இன்றும் அக்டோபர் 13 வந்தால் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் சுவருக்குப் பக்கத்தில் பிட்ஸ்பர்க்காரர்கள் கூடி அந்த ஆட்டத்தின் ஒலிபரப்பைக் கேட்கிறார்கள்.

கதைப்படமா, செய்திப்படமா, வீட்டுப் படமா? எதற்கு மதிப்பு அதிகம்?

பணத்தைக் கேட்டால் சூழலைப் பொறுத்தது. வரலாற்றைக் கேட்டால், வீட்டுப் படங்கள்.

1932 உலகத் தொடர், மூன்றாவது ஆட்டம், சிகாகோ. ஐந்தாவது இன்னிங்ஸில் ரூத் கையை நீட்டி எதையோ காட்டினார், அடுத்து நடு மைதானத்தைத் தாண்டிப் பந்தை அடித்தார். எங்கே அடிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே காட்டினாரா, எதிரணியினர் கேலிக்குப் பதில் சொன்னாரா என்று இன்று வரை சண்டை ஓயவில்லை. செய்திப்படக்காரர்கள் யாரும் அதைப் பிடிக்கவில்லை. கேலரியில் உட்கார்ந்திருந்த சாதாரண இரசிகர் ஒருவரின் 16 மி.மீ. கேமரா பிடித்தது. 1990-களில் அது வெளியே வந்தது. கை தூக்குவது தெரிகிறது, எதைக் காட்டுகிறார் என்பது தெரியவில்லை. அறுபது வருடம் ஒரு குடும்பத்து வீட்டில் கிடந்த சுருள் அது.

கறுப்பர் லீக்குகளின் பிலிம்தான் எல்லாவற்றிலும் அரிது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக்கிலும் அதன் பின் வந்தவற்றிலும் ஜாஷ் கிப்சன், கூல் பாப்பா பெல் போன்றவர்கள் ஆடினார்கள். செய்திப்படக் கம்பெனிகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்தது குறைவு. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் டாட்ஜர்ஸுக்கு ஆடுவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். அவர் மட்டை சுழற்றும் சில நொடிகளுக்காக மணிக்கணக்கில் வீட்டுப் படங்களை ஓட்டிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

போஸ்டர்களைப் பற்றி?

இரண்டு கூட்டம் ஒரே காகிதத்துக்குப் போட்டி போடுவதால் விலை ஏறுகிறது. சினிமாப் போஸ்டர் சேர்ப்பவர்களுக்கும் வேண்டும், கெரிக், ரூத், ராபின்சன் பெயரில் எது வந்தாலும் வாங்கும் பேஸ்பால் சேகரிப்பாளர்களுக்கும் வேண்டும்.

அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கால ஒன்-ஷீட் (வழக்கமான சினிமாப் போஸ்டர்) 27க்கு 41 அங்குலம். 40 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1980-களுக்குப் பிந்திய அச்சு, "1942 அசல்" என்று யார் சொன்னாலும் யோசியுங்கள். தியேட்டருக்குள் மாட்டும் லாபி கார்டு 11க்கு 14, எட்டு சேர்ந்தது ஒரு செட். 1940-களிலிருந்து கீழ் ஓரத்தில் வருடமும் எண்ணும் சாய்கோடு போட்டு அச்சாகியிருக்கும். வருடத்துக்கு முன்னால் "ஆர்" எழுத்து இருந்தால் மறுவெளியீடு. மடிப்புக் கோடு குறையே அல்ல. தியேட்டர்களுக்கு மடித்துத்தான் அனுப்பினார்கள். மடிப்பே இல்லாத 1940-களின் ஒன்-ஷீட் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிலிம் சுருள் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் முகர்ந்து பாருங்கள்.

நான் சேகரிக்கத் தொடங்கிய வருடம் 1950-களின் உலகத் தொடர் சுருக்கம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 1929இல் அமெரிக்கன் லீகின் சிறந்த மட்டைக்காரரான லூ ஃபான்செகா, ஓய்வுக்குப் பின் லீக்குகளுக்காக இந்த மாதிரிப் படங்களைத் தயாரித்தார். 1943இலிருந்து வருடா வருடம் வந்தன. போர்க்காலத்தில் படைவீரர்களுக்கும், பிறகு பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டன. விற்றவர் "நல்ல நிலை, வாசனை இல்லை" என்று எழுதியிருந்தார். பார்சல் வந்ததும் தகர டப்பாவின் மூடியைத் திறந்தேன். ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல மூக்கில் ஏறியது. தட்டையாகச் சுற்றியிருக்க வேண்டிய பிலிம், காய்ந்த வாழைப்பட்டை மாதிரி ஓரம் சுருண்டு நெளிந்திருந்தது. புரொஜக்டரில் பல்சக்கரம் துளைக்குள் உட்காரவே இல்லை. பிலிம் சுருங்கிப் போயிருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பவில்லை. மூன்று நாள் அந்தச் சுருளை மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பெயர் வினிகர் நோய். எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், அந்த ஆவி பக்கத்தில் உள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். அதனால் வாசனை வந்த சுருளை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். நிறம் மாறும் சோதனைத் தாள் கிடைக்கிறது. டப்பாவுக்குள் வைத்தால் நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் எச்சரிக்கை, மஞ்சள் என்றால் முடிந்த வரை சீக்கிரம் டிஜிட்டல் பிரதி எடுங்கள்.

அப்புறம் ஓரக் குறிகள். கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னச் சின்னக் குறிகள் இருக்கும், அவை தயாரித்த வருடத்தைச் சொல்லும். 20 வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். ஒற்றை வட்டம் என்றால் 1936 அல்லது 1956 அல்லது 1976. 1942 படத்தின் பிரதியில் ஒற்றை வட்டம் இருந்தால், அது பெரும்பாலும் 1956இல் தொலைக்காட்சி நிலையத்துக்காக எடுத்த பிரதி. தவறில்லை. நம் கையில் கிடைக்கும் 16 மி.மீ. கதைப்படங்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கலர் பிலிம் என்றால் ஒரு கட்டத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஈஸ்ட்மன் கலர் பழைய பிரதிகள் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருக்கும். டெக்னிகலர் சாய அச்சு மங்காது. புல் பச்சையாக இருந்தால் கையிலிருந்து விடாதீர்கள்.

35 மி.மீ. நைட்ரேட் சுருள் கிடைத்தால்?

வீட்டில் வைக்காதீர்கள், ஓட்டவும் வேண்டாம், சாதாரணப் பார்சலில் அனுப்பவும் கூடாது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ராச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் போன்ற காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள், எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். கோடாக்கின் 16 மி.மீ., 8 மி.மீ. சுருள்கள் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத பிலிமில் வந்தவை. அவற்றுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

என்னிடம் சுருள் இருந்தால் படத்தின் உரிமையும் எனக்கா?

இல்லை. சுருள் உங்களுடையது, படம் உங்களுடையது அல்ல. அமெரிக்காவில் இந்தக் காலத்துப் படங்களுக்கு வெளியாகி 95 வருடம் முடிந்தால் பொதுவுடைமை. "ஸ்பீடி"யும் "தி கேமராமேன்"னும் 2024 ஜனவரி 1 அன்று அப்படி ஆயின. அதற்குப் பிந்தியவற்றில், 28ஆம் வருடம் உரிமையைப் புதுப்பிக்க மறந்தவையும் பொதுவுடைமை. ராபின்சன் படம் அந்த வகை. அதனால்தான் மங்கலான மலிவு டிவிடிகளாக எங்கும் கிடைக்கிறது. நல்ல பிரதியைத் தேடிப் பாருங்கள், அந்த முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

1974இல் நடிகர் ராடி மெக்டோவல் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து அவர் சேகரிப்பை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில் பல பழைய சேகரிப்பாளர்கள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்லாமலே இருந்துவிட்டார்கள். அதனால் எத்தனை சுருள்கள் யாருக்கும் தெரியாமல் குப்பைக்குப் போனதோ.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். போஸ்டருக்காவது சந்தை இருக்கிறது. பிலிம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் பொருள்.

இன்னும் நீங்கள் தேடுவது எது?

"பேப் கம்ஸ் ஹோம்". ரூத் புகையிலையை மென்று துப்பித் துப்பிச் சட்டையைக் கறையாக்குவார். அதைத் துவைக்கும் சலவைக்காரப் பெண்ணாக அன்னா க்யூ. நில்சன். 1927, ரூத் 60 ஹோம் ரன் அடித்த அதே வருடம். 35 மி.மீ. பிரதி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டில் போட்டுப் பார்க்க மௌனப் படங்களின் 16 மி.மீ. பிரதிகளை வாடகைக்கு விட்டார்கள். அந்த வழியில் தப்பிய படங்கள் பல உண்டு. அதனால் பெயர் எழுதாத பழைய டப்பா எங்கே கிடைத்தாலும், மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் அடி பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பெரிய வட்ட முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.